சத்திரியனுக்கு 402 மீட்டர்

வீரா, சத்ரியா, புத்ரா, பெர்டானா. புரோட்டோன் தன் கார்களுக்கு வைத்த இந்தப் பெயர்களைத் தமிழ் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீரன், சத்திரியன், புத்திரன், பிரதானம். வடமொழியிலிருந்து மலாய்க்குப் போன சொற்கள். நம் வாயிலும் புழங்குபவை. இவற்றில் சத்திரியன் மீது மட்டும் கிள்ளான் பள்ளத்தாக்கு இளைஞர்களுக்கு ஒரு தனிப் பாசம் உண்டு.

காரணம், 1990களின் இறுதியில் வந்த சத்ரியா ஜிடிஐ. மூன்று கதவு கொண்ட சின்னக் கார். உள்ளே 1.8 லிட்டர், 16 வால்வு மிட்சுபிஷி இன்ஜின். சுமார் 140 குதிரைத்திறன். 1996-ல் புரோட்டோன் வாங்கிய பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் அதன் சஸ்பென்ஷனைச் செதுக்கிக் கொடுத்தது. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எட்டரை விநாடி. ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் படத்தில் மட்டும் பார்த்த தலைமுறைக்கு, கைக்கு எட்டிய ஸ்போர்ட்ஸ் கார் இதுதான்.

அந்தக் கார்களுக்கு இன்று இருபது வயது தாண்டிவிட்டது. இருந்தும் மவுசு குறையவில்லை. செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்கிய தம்பி பட்டறைக்குப் போய்க் கேட்கும் முதல் கேள்வி: "அண்ணே, இத டிராக்குக்கு ரெடி பண்ணணும். எங்க ஆரம்பிக்கிறது?" அதே வீட்டில் அம்மா கேட்கும் கேள்வி வேறு: "இதுக்கு எவ்வளவு செலவு? அப்புறம் இத எங்கடா ஓட்டப் போற?" இரண்டுமே நியாயமான கேள்விகள். இந்த வாரம் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

கால் மைல் சொல்லும் கணக்கு

டிராக் பந்தயத்தில் வளைவு கிடையாது. நேர்க்கோடு, கால் மைல், அதாவது 402 மீட்டர். இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் கிளம்ப வேண்டும். பார்ப்பதற்கு இதைவிட எளிய விளையாட்டு இல்லை. ஆனால் இன்ஜினில் கை வைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கணக்கு இதற்குள் ஒளிந்திருக்கிறது.

அமெரிக்க டிராக் பந்தயக்காரர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் உண்டு. காரின் எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, அதன் கனமூலத்தை எடுத்து, ஒரு நிலையான எண்ணால் பெருக்கினால், கால் மைலைக் கடக்க ஆகும் நேரம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஓட்டுநரையும் சேர்த்துக் கார் 1,150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூத்திரப்படி 140 குதிரைத்திறனுக்கு 15.3 விநாடி. 195 குதிரைத்திறனுக்கு 13.7 விநாடி. 280 குதிரைத்திறனுக்கு 12.1 விநாடி. எல்லாம் சரியாக அமைந்தால் வரும் நேரம் இது. தடத்தில் இதைவிடக் கொஞ்சம் கூடும்.

இந்த மூன்று எண்களையும் திரும்பப் பாருங்கள். முதலில் 55 குதிரைத்திறன் கூட்டினோம், 1.6 விநாடி குறைந்தது. அடுத்து அதே 1.6 விநாடியைக் குறைக்க 85 குதிரைத்திறன் தேவைப்பட்டது. மேலே போகப்போக ஒவ்வொரு விநாடிக்கும் விலை ஏறும். திறனை இரட்டிப்பாக்கினாலும் நேரம் பாதியாகாது. ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். "இன்னும் கொஞ்சம் போட்டால் போதும்" என்று பணத்தைக் கொட்டிக்கொண்டே போகும் தம்பிகளுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை.

இதே கணக்கு ஒரு நல்ல செய்தியையும் சொல்கிறது. காரிலிருந்து 100 கிலோவை இறக்கினால் ஏறத்தாழ அரை விநாடி மிச்சம். 13 குதிரைத்திறன் கூட்டியதற்கு அது சமம். பின் இருக்கை, உதிரிச் சக்கரம், பூட்டில் கிடக்கும் கருவிப் பெட்டி, தீபாவளிக்கு முன்னால் ஆசையாய்ப் பொருத்திய அந்தப் பெரிய சப்வூஃபர் பெட்டி. பந்தய நாளன்று இவற்றைக் கழற்றி வைக்க ஒரு வெள்ளி கூடச் செலவில்லை.

முதலில் டயர், பிறகுதான் டர்போ

சத்ரியா முன்சக்கரத்தால் இழுக்கும் கார். டிராக்கில் இது ஒரு பெரிய சங்கடம். கார் முன்னால் பாயும்போது எடை பின்னால் சாய்கிறது. பஸ் சட்டென்று கிளம்பினால் நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வதைப் போலத்தான். பின்சக்கரக் காருக்கு இது வரம். இழுக்கும் சக்கரத்தின் மேலேயே எடை வந்து உட்கார்கிறது. முன்சக்கரக் காருக்கோ, பிடிப்பு அதிகம் தேவைப்படும் அந்த நொடியில்தான் இழுக்கும் சக்கரம் லேசாகிறது. விளைவு, புகையும் சத்தமும். கூட்டம் கைதட்டும். கடிகாரம் கைதட்டாது.

டிராக்கில் முதல் 60 அடி, அதாவது 18 மீட்டர், தனியாக அளக்கப்படுவது இதனால்தான். அங்கே மிச்சப்படுத்தும் ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடியும் முடிவுக் கோட்டில் ஒன்றரை மடங்காகவோ இரண்டு மடங்காகவோ திரும்பிவரும் என்பது பந்தயக்காரர்களின் அனுபவக் கணக்கு. எனவே இன்ஜினைத் திறப்பதற்கு முன் நல்ல பிடிப்புள்ள டயர், வழுக்காத கிளட்ச், இரண்டு முன்சக்கரங்களுக்கும் திறனைப் பகிர்ந்து கொடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், கார் பின்னால் குந்தாமல் இருக்கக் கொஞ்சம் விறைப்பான பின் ஸ்பிரிங் ஆகியவற்றுக்குச் செலவு செய்வதே புத்திசாலித்தனம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இருபது வயது இன்ஜினுக்கு உடல் பரிசோதனை. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா? டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது? இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். அதோடு கதை முடிந்தது. சாதாரண ஓட்டத்துக்கே மூச்சு வாங்கும் இன்ஜினில் திறன் கூட்டுவது, முட்டி வலிக்காரரைப் பத்துமலைப் படிகளில் ஓடச் சொல்வதற்குச் சமம்.

கிள்ளானின் ஹாஃப் கட் கடைகள்

இப்போது இன்ஜினுக்கு வருவோம். இன்ஜின் என்பது காற்று பம்ப் தவிர வேறில்லை. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவு பெட்ரோலை எரிக்கலாம். எவ்வளவு எரிகிறதோ அவ்வளவு திறன். எனவே இன்ஜின் மாடிஃபிகேஷன் எல்லாமே காற்றைப் பற்றியதுதான்.

டர்போ இல்லாமல் போவது ஒரு வழி. காற்று வரும் குழாயைச் சீராக்கலாம். எக்சோஸ்ட்டின் முதல் பகுதியான ஹெடரை மாற்றலாம். வால்வுகளை அதிக நேரம், அதிக உயரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட் போடலாம். ஈசியூவை மறுபடி டியூன் செய்யலாம். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். திறன் மேல் சுழற்சியில்தான் வரும் என்பதால் கியர் மாற்றும் கை பழக வேண்டும். ஆனால் இன்ஜினின் ஆயுள் பெரிதாகக் கெடாது. தினமும் வேலைக்கு ஓட்டும் காராக இருந்தால் இந்த வழியே நல்லது.

டர்போ வழி வேறு. இங்கேதான் கிள்ளான் வருகிறது. ஜப்பானில் பயன்படுத்தி ஓய்வு கொடுத்த கார்களின் முன்பாதியை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து விற்கும் ஹாஃப் கட் கடைகள் கிள்ளான் வட்டாரத்தில் நிறைய. இன்ஜின், கியர்பாக்ஸ், ஒயரிங், ஈசியூ எல்லாம் ஒரே துண்டாகக் கிடைக்கும். பெரோடுவா கன்சிலில் டைஹட்சு மிராவின் 660 சிசி டர்போ இன்ஜினைப் பொருத்தும் பழக்கம் இந்தக் கடைகளால்தான் பரவியது. இன்ஜின் அளவு அதே. திறன் மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

சத்ரியாவுக்கு இதே முறையில் பிரபலமானது 1990களின் மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆர் இன்ஜின். ஜிடிஐயில் இருப்பது 4ஜி93. ஜிஎஸ்ஆரில் இருப்பதும் அதே 4ஜி93தான், டர்போவோடு. இரண்டும் 1,834 சிசி. 81 மில்லிமீட்டர் விட்டம், 89 மில்லிமீட்டர் ஓட்டம். ஆனால் 140 குதிரைத்திறன் 195 ஆகிறது. ஒரே குடும்பத்து இன்ஜின் என்பதால் பொருத்துவதும் மற்ற இன்ஜின்களைவிட எளிது.

"என் இன்ஜினிலேயே ஒரு டர்போவை மாட்டிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். இங்கே ஒரு நுணுக்கம். டர்போ இல்லாத இன்ஜின், தானாக உறிஞ்சும் காற்றை நன்றாக அமுக்கினால்தான் திறன் கிடைக்கும். அதனால் அதன் அமுக்க விகிதம் அதிகம். டர்போ இன்ஜினுக்குள் ஏற்கெனவே அமுக்கப்பட்ட காற்று வருகிறது. அதனால் அதன் அமுக்க விகிதத்தைக் குறைத்தே வடிவமைக்கிறார்கள். முதல் வகையில் டர்போவை மாட்டினால் காற்று இரண்டு முறை அமுக்கப்பட்டு, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த சுடர் வந்து சேரும் முன்பே மீதிப் பெட்ரோல் தானாக வெடிக்கும். பட்டறைக்காரர்கள் 'நாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். டங் டங் என்று சின்னச் சத்தம்தான் கேட்கும். சில நொடிகளில் பிஸ்டன் ஓட்டையாகிவிடலாம்.

ஹாஃப் கட் வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தே தாரிக் நிறத்தில் நுரை படிந்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது, நகர்ந்துவிடுங்கள். டர்போவின் நடுத்தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சக்கரம் கூட்டை உரசும் அளவுக்கு ஆடினால் அது தேய்ந்தது. கம்ப்ரஷன் அளக்கச் சம்மதிக்காத கடையில் பேரம் பேச வேண்டாம். இன்ஜின் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, ரசீதையும் சுங்கத்துறை ஆவணங்களையும் கேட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், எண்ணெய் சீல்கள் மூன்றையும் பார்க்காமலே மாற்றிவிடுங்கள். இன்ஜின் வெளியே இருக்கும்போது செய்வது அரை நாள் வேலை; உள்ளே போன பிறகு இரண்டு நாள் வேலை.

நம் ஊர் வெயில்

ஜப்பானிய, அமெரிக்கப் புத்தகங்களில் இருக்கும் எண்களை அப்படியே நம்பிக் கோலாலம்பூரில் டியூன் செய்ய முடியாது. இங்கே பகலில் 33 டிகிரி, காற்றில் எப்போதும் ஈரம். 15 டிகிரிக் குளிரில் கிடைக்கும் காற்றோடு ஒப்பிட்டால், அதே கொள்ளளவில் நமக்குக் கிடைக்கும் காற்று ஏழு விழுக்காடு வரை குறைவு. இன்ஜின் சுவாசிப்பதே மெல்லிய காற்று.

டர்போ வந்தால் பிரச்சினை கூடுகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவது தெரியும் அல்லவா? அதே கதைதான். 33 டிகிரிக் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால் அதன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரியும், நாக்கிங்கைக் கூப்பிட்டு வரும். இதைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர். நம் ஊரில் பெரிய இன்டர்கூலரும் நல்ல ரேடியேட்டரும் ஆடம்பரம் அல்ல, அவசியம்.

பெட்ரோலிலும் கவனம் வேண்டும். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் 'சக்தி' அல்ல. தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் பொறுமை. சாதாரணக் காரில் 97 ஊற்றுவதால் பறக்கப்போவதில்லை. டர்போ இன்ஜினை எந்த ஆக்டேனுக்கு டியூன் செய்தார்களோ அதற்குக் குறைவாக ஊற்றினால் மட்டும் தண்டனை உண்டு. மாதக் கடைசியில் கையில் காசு குறையும்போது 95 ஊற்றிக்கொண்டு முழு அழுத்தத்தில் மிதிக்கும் தம்பிகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம்தான் டியூனிங்கின் உயிர். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். டர்போ முழு வேகத்தில் சுழலும்போது அதை 12-க்குப் பக்கத்தில், அதாவது பெட்ரோல் சற்று அதிகமாக, வைப்பார்கள். கூடுதல் பெட்ரோல் உள்ளே வெப்பத்தைத் தணிக்கிறது. இந்த வேலையைக் காதால் கேட்டு, மூக்கால் முகர்ந்து செய்த காலம் போய்விட்டது. டைனோ மேடையில் காரை ஏற்றி, வைட்பேண்ட் சென்சார் வைத்து, ஒவ்வொரு சுழற்சியிலும் எண்ணைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். டைனோ தரும் குதிரைத்திறன் எண்ணை நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்படுவதைவிட, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே டைனோவில் என்ன வித்தியாசம் என்று பார்ப்பதே பயன்.

கெரானில் எழுதியிருப்பது என்ன?

இப்போது அம்மாவின் கேள்விகள்.

இன்ஜினை மாற்றியாகிவிட்டது. வண்டிப் பதிவு ஆவணத்தில், நாம் 'கெரான்' என்று சொல்லும் அந்தத் தாளில், பழைய இன்ஜின் எண் இருக்கிறது. பானட்டுக்கு அடியில் வேறு எண். இது சின்ன விஷயம் அல்ல. இன்ஜின் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும், வண்டி பரிசோதனைக்குப் போக வேண்டும், ஆவணத்தில் புதிய எண் ஏற வேண்டும். கடையில் கேட்டு வாங்கச் சொன்ன ரசீதும் சுங்க ஆவணமும் இங்கேதான் உதவும். அவை இல்லாத இன்ஜின் திருட்டு இன்ஜினாகவும் இருக்கலாம். அதை உங்களால் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

காப்புறுதி இதைவிட முக்கியம். மாற்றங்களைச் சொல்லாமல் எடுத்த காப்புறுதி, விபத்து நடந்த அன்றைக்கு வெறும் காகிதமாகிவிடலாம். உங்கள் கார் போனால் உங்கள் நஷ்டம். எதிரே வந்தவருக்கு அடிபட்டால், அந்தக் கடன் உங்கள் குடும்பத்தின் தலைமேல் பல வருடம் நிற்கும். தம்பியின் கார் பெரும்பாலும் அப்பா பெயரில்தான் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்தது, எங்கே ஓட்டப் போகிறாய்? நள்ளிரவுக்குப் பிறகு நெடுஞ்சாலையில் என்றால், பதில் ஒன்றுதான். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, அபாயகரமாக வண்டி ஓட்டுவதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்கிறது. சட்டத்தை விடுங்கள். இயற்பியலைப் பாருங்கள். மேலே சொன்ன சூத்திரத்தின் ஜோடிச் சூத்திரம் முடிவுக் கோட்டு வேகத்தைச் சொல்லும். 140 குதிரைத்திறன் கார் மணிக்கு 143 கிலோமீட்டரில் கோட்டைக் கடக்கிறது. 280 குதிரைத்திறன் கார் 181-ல் கடக்கிறது. வேகம் கால் பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 60 விழுக்காடு கூடிவிட்டது. அந்த வேகத்தில் ஒரு விநாடியில் கார் 50 மீட்டர் போய்விடும். லாரி ஒன்று தடம் மாறுவதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கைத் தொடுவதற்கே அந்த ஒரு விநாடி போய்விடும்.

பந்தயத் தடத்தில் முடிவுக் கோட்டுக்குப் பிறகு நிற்பதற்கென்றே நீண்ட ஓடுபாதை விட்டிருப்பார்கள். அதுவும் சில நேரம் போதாது. 2008-ல் அமெரிக்காவில் ஸ்காட் கலிட்டா என்ற தேர்ந்த டிராக் ஓட்டுநர், நிற்க இடம் போதாமல் இறந்தார். அதற்குப் பிறகு மிக வேகமான பிரிவுகளுக்கு மட்டும் பந்தயத் தூரத்தையே 402 மீட்டரிலிருந்து 305 மீட்டராகக் குறைத்தார்கள். எல்லாப் பாதுகாப்பும் இருந்த தடத்தில் அந்த நிலை. மோட்டார் சைக்கிளில் சவர் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் வரும் நெடுஞ்சாலையில்?

தெருவிலிருந்து தடத்துக்கு

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிஃபோர்னியாத் தெருக்களில் இளைஞர்கள் இப்படித்தான் ஓட்டினார்கள். 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் என்எச்ஆர்ஏ என்ற அமைப்பைத் தொடங்கினார். தெருவில் ஓட்டுகிறவனுக்குத் தடம் கொடு, விதி கொடு, பரிசோதனை செய் என்பதே அதன் வழி. இன்றும் அதன் விதிகளில் கால் மைலை 14 விநாடிக்குள் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். பதினொன்றரை விநாடிக்குள் என்றால் பல கார்களுக்குக் கூரை நசுங்காமல் காக்கும் ரோல் பார் வேண்டும். வேகம் கூடக்கூடப் பாதுகாப்பும் கூட வேண்டும் என்பது அங்கே அறிவுரை அல்ல, நுழைவுச் சீட்டு.

நம் நாட்டில் 1999-ல் திறக்கப்பட்ட சிப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் போட்டிகளும் நடக்கின்றன. தமிழ்நாட்டிலும் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் டிராக் பந்தயங்கள் நடத்தப்படுகின்றன. ஒருமுறை அங்கே போய் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். தெருவில் 'நான் முந்தினேன்' என்பது வெறும் பேச்சு. தடத்தில் ஆயிரத்தில் ஒரு விநாடி வரை எழுதிய சீட்டு கையில் வரும். 18 மீட்டர் நேரம், பாதித் தூர நேரம், முடிவு வேகம் எல்லாம் அதில் இருக்கும். எங்கே நேரம் போகிறது என்று பொய்யில்லாமல் காட்டும் அந்தச் சீட்டை வைத்துத்தான் அடுத்த செலவைத் தீர்மானிக்க வேண்டும். முதல் 18 மீட்டரில் தோற்கிறவனுக்குப் பெரிய டர்போ உதவாது. கிளம்பும் பகுதி நன்றாக இருந்து முடிவு வேகம் குறைவாக இருந்தால்தான் இன்ஜினில் கை வைக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. விளக்கு பச்சையான பிறகு நீங்கள் கிளம்ப எடுக்கும் நேரம் தனிக் கணக்கு. எதிரியைவிடக் கார் மெதுவாக இருந்தாலும், விளக்கைப் பார்த்துச் சரியாகக் கிளம்புகிறவர் முதலில் கோட்டைத் தொட முடியும். அவசரப்பட்டு முன்னதாகக் கிளம்பினால் சிவப்பு விளக்கு. அந்த ஓட்டம் தோல்வி. கார்களை அவற்றின் நேரத்தை வைத்துப் பிரிக்கும் போட்டிகளும் உண்டு. அங்கே 16 விநாடி கார், 16 விநாடி கார்களோடுதான் மோதும். கடன் வாங்கி இன்ஜின் மாற்றாமலே கலந்துகொள்ளலாம்.

கைக்கு வரும் தொழில்

கடைசியாக, இந்த ஆசையை வெறும் 'வெட்டி வேலை' என்று தள்ளிவிடும் பெற்றோருக்கு ஒரு சொல்.

இன்ஜின் நம்மவர் கைக்குப் புதிதல்ல. பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும் தமிழர் குடியிருப்புகளாக வளர்ந்ததற்கு ரயில்வே ஒரு பெரிய காரணம். செந்தூல் ரயில் பட்டறையில் பாய்லரும் பிஸ்டனும் பிரித்துப் பூட்டியவர்களில் நம் தாத்தாக்கள் பலர் இருந்தார்கள். அண்மைக் காலத்தில், 2002-ல், பஞ்சாபி சமூகத்தைச் சேர்ந்த நம் நாட்டு கரம்ஜிட் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன் புரோட்டோன் பெர்ட் காரில் உலக ரேலிப் போட்டியின் புரொடக்ஷன் பிரிவுப் பட்டத்தை வென்றார். காட்டுப் பாதையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உடையாமல் ஓடிய அந்தக் காருக்குப் பின்னால், ஸ்பேனர் பிடித்த கைகள் நிறைய இருந்தன.

ஒரு பையன் தன் சத்ரியாவில் காற்று விகிதம் பார்க்கிறான், ஒயரிங் வரைபடம் படிக்கிறான், கம்ப்ரஷன் எண்களை எழுதி வைக்கிறான் என்றால், அவன் படித்துக்கொண்டிருக்கிறான். பள்ளியில் இயற்பியல் புரியாதவனுக்கு இங்கே புரிகிறது. அந்த ஆர்வத்துக்கு ஒரு சான்றிதழ் சேர்ந்தால் அது தொழில். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் வழியாக வாகனத் துறையில் படிப்படியாக டிப்ளோமா நிலை வரை போகலாம். அரசின் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. ஷா ஆலாமில் மோண்ட்ஃபோர்ட் பாய்ஸ் டவுன் போன்ற இடங்களும் இருக்கின்றன. மின்சாரக் கார் வந்தாலும், கருவியை நம்பி, எண்ணைப் பார்த்து, காரணம் தேடும் பழக்கம் உள்ளவனுக்கு வேலை இருக்கும்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் உடல் பரிசோதனை, பிரேக், டயர், கிளட்ச். அடுத்து எடை குறைப்பு. அதன் பிறகு தடத்தில் ஒரு நாள், கையில் ஒரு சீட்டு. அதைப் பார்த்த பிறகுதான் காற்று, எக்சோஸ்ட், டியூனிங். டர்போ இன்ஜின் என்றால் ஆவணம், அனுமதி, காப்புறுதி மூன்றும் முடிந்த பிறகு.

கம்ப்ரஷன் அளக்கும் கருவி ஒன்றும் பெரிய விலை இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் சேர்ந்து பானட்டைத் திறந்து நான்கு சிலிண்டரையும் அளந்து, நான்கு எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். வேகத்தைப் பற்றிய வீட்டுச் சண்டை அந்தத் தாளிலிருந்து தொடங்கட்டும். எண்களை வைத்துப் போடும் சண்டை, சத்தம் போடும் சண்டையைவிடச் சீக்கிரம் முடியும்.